செடிப் புடைப்புச் சிற்பம்: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

களிமண்ணில் இலையை அழுத்தி, அதன்மேல் பிளாஸ்டர் வார்த்து, செடியின் உருவத்தைப் பலகையாக எடுக்கும் வேலையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறேன். எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

புடைப்புச் சிற்பம் என்றால் என்ன?

பின்னால் ஒரு தளம் இருக்கும். அந்தத் தளத்திலிருந்து உருவம் எழும்பி நிற்கும். சுற்றிவந்து பார்க்க முடியாது. முன்னிருந்துதான் பார்க்க வேண்டும். மாமல்லபுரத்துப் பாறையில் அர்ச்சுனன் தபசு பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். எழுச்சி குறைவாக இருந்தால் தாழ்புடைப்பு. சட்டைப்பையில் இருக்கும் நாணயம் அதற்கு நல்ல உதாரணம். பாதி உடலுக்கு மேல் வெளியே வந்துவிட்டால் உயர்புடைப்பு.

செடியைப் புடைப்பாக்க இரண்டு வழிகள் உண்டு. பார்த்துப் பார்த்துக் கையால் வனைவது அல்லது செதுக்குவது ஒன்று. செடியையே மண்ணில் அழுத்தி அச்செடுத்து வார்ப்பது இன்னொன்று. இரண்டையும் நான் கற்றுக்கொடுக்கிறேன். ஆனால் தொடக்கம் எப்போதும் அச்சில்தான்.

இது சமீபத்தில் வந்த கைவேலை வகுப்புச் சமாச்சாரமா?

இல்லை. எகிப்தில் கர்னாக் கோயிலில், கி.மு. 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் துட்மோஸ் கட்டிய விழா மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. சிரியப் பக்கம் படையெடுத்துப் போனபோது கண்ட செடிகளையும் பறவைகளையும் விலங்குகளையும் அந்தச் சுவர்களில் வரிசை வரிசையாகப் புடைப்பாகச் செதுக்கவைத்தான். இன்று அதைத் 'தாவரத் தோட்டம்' என்றே அழைக்கிறார்கள். அவற்றில் சில செடிகளை அடையாளம் காண முடிகிறது. சில கற்பனை கலந்தவை. ஆனாலும், வேற்று நாட்டுச் செடிகளை ஓரிடத்தில் வரிசைப்படுத்திக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு பழையது.

எனக்கு அதைவிட நெருக்கமானது பர்ஹுத். மத்தியப் பிரதேசத்தில் இருந்த இந்தப் பௌத்தத் தூபியின் கல்வேலி, கி.மு. 2ஆம் நூற்றாண்டையொட்டியது. 1873-இல் தொல்லியல் ஆய்வாளர் கன்னிங்காம் கண்டெடுத்தார். பெரும்பகுதி இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே புத்தரை மனித உருவில் காட்டவில்லை. கௌதமருக்கு முன் வந்ததாகச் சொல்லப்படும் புத்தர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மரம்: பாதிரி, சாலம், வாகை, அத்தி, ஆல்; கௌதமருக்கு அரசு. எந்த மரம் என்று தெரியும்படி இலையையும் கொத்தையும் மரத்துக்கு மரம் மாற்றிச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் 'இது இன்ன புத்தருடைய போதி (ஞானம் பெற்ற மரம்)' என்று பிராமி எழுத்தில் பெயரும் பொறித்திருக்கிறார்கள். உருவமும் பெயர்ச்சீட்டும் சேர்ந்து நிற்கின்றன. தாவரவியல் பூங்காவில் மரத்தடியில் பலகை நட்டுவைக்கிறோமே, அதே வேலைதான். செடிப் புடைப்பு ஒரு பாடக்கருவி என்று சொல்ல எனக்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

ஐரோப்பாவில் இங்கிலாந்தின் சவுத்வெல் பேராலயத்தைச் சொல்ல வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அதன் குருமார் கூடத்தில் தூண் தலைகளைச் சுற்றிலும் இலைகள். ஓக், மேப்பிள், ஹாத்தார்ன், திராட்சை, ஐவி, ஹாப் என்று வேலியோரங்களிலும் தோட்டங்களிலும் வளர்ந்த செடிகளை, பெயர் சொல்லும் அளவுக்குத் துல்லியமாக வெட்டியிருக்கிறார்கள். வெட்டியவர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. தினமும் அந்த இலைகளைக் கடந்து நடந்தவர்கள் அவர்கள் என்பது மட்டும் கல்லைப் பார்த்தாலே தெரிகிறது.

நம் கோயில்களிலும் பூவும் கொடியும் இருக்கின்றனவே, அவற்றை வைத்துத் தாவரப் பாடம் நடத்தலாமா?

நடத்தலாம், ஆனால் ஒரு கவனத்தோடு. கோபுர வாசலில் கொடிப்பெண் காலடியிலிருந்து வளையம் வளையமாக மேலேறும் கொடி, கொடிக்கருக்கு, பீடத்துத் தாமரை, தூண் உச்சியில் பூமொட்டுப் போலத் தொங்கும் புஷ்பபோதிகை எல்லாமே அழகு. ஆனால் ஸ்தபதி அங்கே ஒரு குறிப்பிட்ட செடியின் சாட்சியாக நிற்கவில்லை. அளவும் மரபும் சொல்வதைச் செய்கிறார். ரோமில் கி.மு. 9-இல் அர்ப்பணிக்கப்பட்ட ஆரா பாசிஸ் பலிபீடச் சுவரிலும் இதே கதைதான்: அகந்தஸ் என்ற செடியின் ஒரே தண்டிலிருந்து வெவ்வேறு செடிகளின் பூக்கள் கிளம்பும். எந்தத் தோட்டத்திலும் அப்படி ஒரு செடி முளைக்காது.

இந்த வேறுபாட்டையே பாடமாக்கலாம். உள்ளூர்க் கோயிலுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய் புஷ்பபோதிகையின் கீழே நிறுத்துங்கள். ஒரு வாழைப்பூவையும் கையில் கொடுங்கள். மொட்டு எங்கே ஒத்துப்போகிறது, மடல் எங்கே விலகுகிறது என்று அவர்களே சொல்லட்டும். அரை மணி நேரம் போவது தெரியாது.

செடியை அப்படியே அழுத்தி எடுப்பது கலையா? வெறும் நகல்தானே?

இந்தச் சந்தேகம் பெரிய ஆட்களையும் விடவில்லை. 1877-இல் பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் 'வெண்கல யுகம்' சிலையைக் காட்சிக்கு வைத்தபோது, உயிருள்ள ஆளின் உடம்பில் அச்செடுத்துவிட்டார் என்று குற்றம் சாட்டினார்கள். வனைந்தவன் உயர்ந்தவன், அச்செடுத்தவன் தாழ்ந்தவன் என்ற கணக்கு அது.

16ஆம் நூற்றாண்டில் நியூரம்பர்க் நகரத்துப் பொற்கொல்லர் வென்ட்செல் யாம்னிட்சர் அந்தக் கணக்குக்கெல்லாம் கட்டுப்படாதவர். மெல்லிய புல்லையும் பூவையும் அச்சுக் கலவைக்குள் புதைத்துச் சூளையில் வைப்பார். செடி எரிந்து சாம்பலாகும்; அது இருந்த இடம் வெற்றிடமாக நிற்கும்; அதற்குள் வெள்ளியை உருக்கி வார்ப்பார். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் அவருடைய 1549ஆம் ஆண்டு மேசை அலங்காரத்தில் அந்தப் புற்கள் இன்னும் நிற்கின்றன. அதை நகல் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.

என் கருத்து இதுதான். எந்தச் செடியை எடுப்பது, எந்தப் பக்கத்தை மண்ணுக்குக் காட்டுவது, எந்த இலை எதன்மேல் படுவது, எவ்வளவு வெற்றிடம் விடுவது என்பதையெல்லாம் செய்பவர்தான் முடிவு செய்கிறார். அந்த முடிவுகளில் கலை இருக்கிறது. நரம்பையும் வடிவத்தையும் செடியே தருகிறது. பங்கு போட்டுச் செய்யும் வேலை இது.

புகைப்படமும் உலர்த்திய செடித் தாள்களும் இருக்கும்போது இது எதற்கு?

உலர்த்தித் தாளில் ஒட்டிய செடிக்கு ஈடு கிடையாது. கோயம்புத்தூரில் உள்ள மதராஸ் ஹெர்பேரியம் போன்ற இடங்கள் இல்லாவிட்டால் தென்னிந்தியத் தாவரவியலே இல்லை. ஆய்வுக்கு அது வேண்டும். ஆனால் பத்து வயதுப் பிள்ளை அதைத் தொட்டால் நொறுங்கும். புகைப்படத்தில் தொடுவதற்கு ஒன்றும் இல்லை.

ஒரு கொய்யா இலையை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்பக்கம் நரம்புகள் பள்ளமாக இருக்கும். திருப்பினால் நடுநரம்பு கயிறு போலப் புடைத்திருக்கும்; அதிலிருந்து கிளை நரம்புகள் சாய்வாகக் கிளம்பி, ஓரத்தைத் தொடுவதற்கு முன்பே வளைந்து ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும். அந்தக் கைகோப்பைப் படத்தில் பார்த்ததாக எந்தப் பிள்ளையும் என்னிடம் சொன்னதில்லை. அதே இலையின் அச்சைப் பிளாஸ்டரில் எடுத்து, ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்ததும் விரல் தானாக அங்கே போகிறது. பச்சை நிறம் போய்விட்டதால் வடிவம் முன்னால் வந்துவிடுகிறது.

இதை முறையான கல்வியாகவே செய்தவர்கள் உண்டு. இரும்பு வார்ப்பாலையில் தொழில் பழகிய கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட் என்ற ஜெர்மானியர், மோரிட்ஸ் மௌரர் என்ற ஓவிய ஆசிரியரிடம் 1890களில் ரோமில் உதவியாளராக இருந்தார். கலைத்தொழில் மாணவர்களுக்காகச் செடிகளிலிருந்து உருமாதிரிகள் செய்வது அங்கே அவர் வேலை. பிறகு பெர்லினில் 'உயிருள்ள செடியைப் பார்த்து வனைதல்' என்ற பாடத்தை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடத்தினார். மொட்டுகளையும் சுருள் தளிர்களையும் பலமடங்கு பெரிதாக்கி அவர் எடுத்த படங்கள் 1928-இல் நூலாக வந்து உலகப் புகழ் பெற்றன. அவை வகுப்பறைக்காக எடுத்த படங்கள் என்பது பலருக்குத் தெரியாது.

வீட்டிலோ வகுப்பிலோ எப்படிச் செய்வது?

வேண்டியவை: குயவரிடம் வாங்கிய பிசைந்த களிமண், சப்பாத்திக் கட்டை, நான்கு மரச்சட்டங்கள், ஒரு கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், இரண்டு பிளாஸ்டிக் வாளிகள், பழைய பல்துலக்கி, ஓர் ஊசி. கூரை அலங்காரம் செய்பவர்கள் 'பி.ஓ.பி.' என்று சொல்வதும் இதே பிளாஸ்டர்தான்.

களிமண்ணை இரண்டு விரற்கடைக் கனத்துக்குத் தட்டையாக உருட்டுங்கள். மேற்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். மண்ணில் உள்ள கீறல் எல்லாம் பலகையில் வரும். செடியை அதன்மேல் வைத்து ஒருமுறை தள்ளி நின்று பாருங்கள். இலையின் அடிப்பக்கம் மண்ணைத் தொட வேண்டும், ஏனென்றால் நரம்பு புடைத்திருப்பது அங்கேதான். பிறகு கட்டையால் ஒரே ஒரு முறை, நிதானமாக உருட்டுங்கள். இரண்டாம் முறை உருட்டினால் செடி நகர்ந்து நிழல் போல இரட்டை வரி விழும்.

இப்போது ஊசியால் காம்பின் நுனியைக் கிளப்பி, செடியை முழுவதுமாக உரித்தெடுங்கள். இங்கே அவசரப்படக் கூடாது. நான் முதன்முதலில் செய்த பலகையில் ஒரு வேப்பிலைத் துணுக்கு மண்ணிலேயே தங்கிவிட்டது. அது பிளாஸ்டருக்குள் பதிந்து, ஒரு மாதத்தில் பழுப்புக் கறையாக வெளியே தெரிந்தது.

சட்டங்களைச் சுற்றி நிறுத்தி, மூலைகளை மண்ணால் அடைத்துவிடுங்கள். 20 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளம், 2 செ.மீ. கனமுள்ள பலகைக்கு ஒரு கிலோ பிளாஸ்டரும் சுமார் 700 மில்லி தண்ணீரும் போதும். தண்ணீரில்தான் பிளாஸ்டரைத் தூவ வேண்டும். பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டும். ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, குமிழி வராமல் மெதுவாகக் கலக்கி, தயிர் பதம் வந்ததும் ஒரு மூலையிலிருந்து ஊற்றுங்கள். மேசையை அடியிலிருந்து இரண்டு தட்டுத் தட்டினால் குமிழிகள் மேலே வந்துவிடும்.

முக்கால் மணி நேரம் காத்திருங்கள். பலகை சூடாகி மறுபடி குளிர்ந்த பிறகு சட்டத்தைப் பிரித்து, திருப்பிப்போட்டு, மண்ணை உரியுங்கள். மண் ஒரு ஓரத்திலிருந்து மேலேறும்போது இலை நுனி வெள்ளையாக வெளியே வரும் அந்த நேரத்தில் ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பும் அமைதியாகிவிடும். மிச்ச மண்ணைப் பல்துலக்கியும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு, ஒரு வாரம் நிழலில் காயவையுங்கள்.

ஒரு கூடுதல் செய்தி. மை தடவித் தாளில் ஒற்றினால் இலை இடம் வலம் மாறிவிடும். இங்கே மண்ணில் ஒருமுறை மாறி, பிளாஸ்டரில் மறுமுறை மாறுவதால், செடி இருந்தபடியே வருகிறது. கொடிகளுக்கு இது முக்கியம்: இராசவள்ளியும் காய்வள்ளியும் எதிரெதிர்த் திசையில் சுற்றுபவை. திசை மாறினால் செடியே மாறிவிடும்.

எந்தச் செடியில் தொடங்கலாம்?

கொய்யா, பூவரசு, ஆமணக்கு, அரச இலை. அரச இலையின் நீண்ட வால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆமணக்கு, இலை விரல் விரலாகப் பிரிவதைக் காட்டும். அடுத்து ஆவாரை, முடக்கத்தான். பெரணி கிடைத்தால் விடாதீர்கள். இலைக்குப் பின்னால் உள்ள வித்துப் புள்ளிகள் மணி மணியாக விழும்.

பிரண்டையை நான் தனியாகப் பரிந்துரைப்பேன். சதுரத் தண்டு, கணுக்கணுவாகச் சுருக்கம், ஒவ்வொரு கணுவிலும் இலைக்கு நேரெதிரே பற்றுக்கம்பி. திராட்சைக் குடும்பத்தின் அடையாளம் அந்த எதிரெதிர் நிலைதான். பலகையில் ஒரே பார்வையில் பிடிபடும். துவையலுக்கு அரிகிற வீட்டில் தெரியும், கை அரிக்கும்; நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

செம்பருத்தி இதழ் மெலிதானது, கொழகொழப்பானது, சரியாக வராது. மொட்டை நெடுக்காக வெட்டி வைத்தால் நன்றாக வரும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, அரளி நஞ்சு. இரண்டையும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

பிளாஸ்டர் பாதுகாப்பானதா?

சரியாகக் கையாண்டால், ஆம். ஆனால் ஒன்றை எந்தக் காரணத்துக்காகவும் செய்யவிடாதீர்கள்: கையைப் பிளாஸ்டருக்குள் விட்டு அச்செடுப்பது. இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும். பெரிய கட்டியாக இருந்தால் 60 டிகிரி செல்சியஸ் வரை போகும், கையும் வெளியே வராது. 2007-இல் இங்கிலாந்தில் 16 வயது மாணவி ஒருத்தி கலை வகுப்பில் இப்படிச் செய்து பெரும்பாலான விரல்களை இழந்தாள். வகுப்பு தொடங்கும் முன் இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

தூள் பறக்கும்போது முகக்கவசம் போடுங்கள். கலக்குவது ஆசிரியர் வேலை. மீந்த கலவையைத் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் கல்லாகிவிடும்.

பார்வையற்ற மாணவர்களுக்கு இது உதவுமா?

இந்த வேலையில் நான் இன்னும் இருப்பதற்கு அவர்கள்தான் காரணம்.

ஒருமுறை வேப்பிலைப் பலகையைப் பார்வையற்ற மாணவி ஒருத்தியிடம் கொடுத்தேன். சிற்றிலை ஒன்றின்மேல் விரலை மூன்று நான்கு முறை ஓட்டினாள். "ஐயா, இதன் இரண்டு பாதியும் சமமாக இல்லையே" என்றாள். நான் குனிந்து பார்த்தேன். நடுநரம்பின் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். அடியில் அந்த வேறுபாடு இன்னும் தெளிவு. வேம்பின் சிற்றிலை அப்படித்தான். அதுவரை நான் நூறு வேப்பிலையாவது வார்த்திருப்பேன், என் கண்ணில் அது பட்டதே இல்லை.

உயிருள்ள இலையையே தொடலாமே என்று கேட்பார்கள். தொட வேண்டும், அதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். வாசனையும் இலைமேல் உள்ள மெல்லிய சுணையும் பலகையில் கிடைக்காது. ஆனால் இலை விரலுக்கு வளைந்து கொடுக்கும், கிழியும், வாடும். பலகை அசையாமல் நிற்பதால் அழுத்தி நிதானமாகப் படிக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு கை இலையிலும் ஒரு கை பலகையிலும் இருக்கும்படி செய்யுங்கள்.

விரலுக்கான பலகையில் கூட்டம் கூடாது: ஒரு கிளை, நான்கைந்து இலை, இலைக்கும் இலைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. தும்பைப் பூ போன்ற சிறியவற்றை ஐந்து மடங்கு பெரிதாகக் கையால் வனைய வேண்டும். பெரிதாக்கியிருப்பதையும் வாயால் சொல்லிவிட வேண்டும். பெயரைப் பிரெயிலில் அச்சிட்டு, எல்லாப் பலகையிலும் ஒரே மூலையில் ஒட்டுங்கள். பலர் தொடுவதால் ஒரு கை வார்னிஷ் பூசுவது நல்லது.

அச்சு பழகிய பிறகு கையால் வனைவது எப்படி?

பிள்ளைகள் தடுமாறும் இடம் ஆழம். மூன்று அங்குலம் முன்னும் பின்னுமாக நிற்கும் கிளையை அரை அங்குலத்துக்குள் அடக்க வேண்டும். எது முன்னால், எது அதற்குப் பின்னால், எது தளத்தோடு கரைய வேண்டும் என்று முதலில் தாளில் எண்ணிட்டுக்கொள்ளச் சொல்வேன். தளத்தோடு கரையும் இலையை முதலில் வனைந்து, முன்னால் இருப்பதைக் கடைசியில் வைக்க வேண்டும். வரிசையை எழுதும்போதே, இலைகள் தண்டைச் சுற்றி எப்படி அடுக்கியிருக்கின்றன என்பது பிள்ளைக்குப் புரிந்துவிடும். எனக்கு வேண்டிய பாடம் அங்கேயே முடிந்துவிடுகிறது. பலகை அழகாக வராவிட்டாலும் கவலையில்லை.

முடிந்த பலகையை எங்கே மாட்டுவது?

ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். ஜன்னல் உள்ள சுவருக்கு அடுத்த சுவரில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மாட்டுங்கள். நேர் வெளிச்சத்தில் நரம்பெல்லாம் மறைந்து வெறும் வெள்ளைப் பலகையாகிவிடும். மழை படும் இடத்தில் பிளாஸ்டர் நிற்காது. வெளியே வைக்க வேண்டுமென்றால் சிமெண்டில் வார்த்துவிடுங்கள், அல்லது சுதை வேலை தெரிந்த கொத்தனாரைப் பிடியுங்கள்.

மிச்சக் களிமண்ணை மறுபடி பயன்படுத்தலாமா?

அச்சுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஈரத்துணி சுற்றி வாளியில் மூடி வையுங்கள். ஆனால் குயவரிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அதில் பிளாஸ்டர்த் துணுக்கு ஒன்று இருந்தாலும், சுட்ட பிறகு அந்த இடம் பொரிந்து பானை பழுதாகும். அச்சு மண்ணுக்கென்று ஒரு வாளியைத் தனியாக வைத்து, மூடியில் பெயர் எழுதிவிடுங்கள்.